வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறீர்களா? முறையைத் தேடும் முன் வீட்டைப் பாருங்கள்

மாண்டிசோரியா, வால்டார்ஃபா, அன்ஸ்கூலிங்கா என்று வீட்டுக்கல்வி முறைகளின் பட்டியலோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலை பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைத்தான். பிள்ளையின் ஆர்வம், திறமை பற்றிக் கேட்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் நம் வடசென்னையில், திருவொற்றியூரிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு ஹால், ஒரு சமையலறை என்று இருக்கிற வாடகை வீட்டில், அப்பாவுக்கு மணலியில் ஷிப்ட் வேலை, அம்மாவுக்கு வீட்டிலேயே தையல், மாமியாருக்கு மதியம் டிவி என்று ஓடுகிற குடும்பத்தில் எந்த முறை நிற்கும், எது இரண்டே வாரத்தில் கவிழும் என்பதைப் பெரும்பாலும் அந்த வீடுதான் முடிவு செய்கிறது. பிள்ளை எப்படிப்பட்டது என்பது அதற்கு அடுத்தபடிதான் வருகிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பள்ளியை நிறுத்திவிட்டு, பிள்ளையைக் கடையில் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்கல்வி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். வீட்டுத் தொழிலில் கைகொடுப்பதற்குக்கூட பள்ளி நேரம் போக மீதி நேரத்துக்குத்தான் சட்டம் இடம் தருகிறது. அவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை.

முதல் வேலை: பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்?

ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்போதே எதற்கு என்று தோன்றும். தோன்றட்டும், இருந்தாலும் இதை முதலில் பேசி முடியுங்கள், ஏனென்றால் எந்த முறையை எத்தனை வயது வரை ஓட்டலாம் என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அபராதம், தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியை வெளிப்படையாக ஏற்கிற சட்டமும் நம்மிடம் இல்லை. ஆக, நடுவில் நிற்கிற ஒரு நிலைமை இது. நிறைய குடும்பங்கள் இப்படியேதான் நடத்திக்கொண்டிருக்கின்றன, ஆனால் இது தெரியாமல் இறங்காதீர்கள்.

பெரும்பாலானோர் போகிற வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்று மொழிப்பாடம். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டு வரை செல்லும், அதற்குள் ஒன்றிரண்டு பாடமாக எழுதி முடிக்கலாம். தமிழிலும் எழுதலாம். கணக்கு கட்டாயமில்லை என்று கேட்டதும் பல பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்துவிடும். பெற்றோர் அவ்வளவு சீக்கிரம் மலர வேண்டாம், பத்தாவதில் கணக்கை விட்டால் பிற்பாடு பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பக்கமெல்லாம் கதவு இறுகும்.

இரண்டாவது வழி, நம் மாநிலத்திலேயே தனித்தேர்வராக எழுதுவது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிந்து வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும், அறிவிப்பு வருகிற நாட்களைத் தவறவிட்டால் அந்த ஆண்டு போச்சு. மூன்றாவது, எட்டாவது ஒன்பதாவதில் பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது. இதைத் தோல்வி மாதிரி பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, இருக்கிற வழிகளிலேயே இதுதான் செலவு குறைந்தது, சிக்கலும் குறைந்தது. வெளிநாட்டு வாரியத் தேர்வுகளும் இருக்கின்றன, கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இனி யாரும் சொல்லாமல் விடுகிற பகுதிக்கு வருவோம். அரசுப் பள்ளியிலோ கார்ப்பரேஷன் பள்ளியிலோ படிக்கிற பிள்ளையை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், கூடவே எதையெல்லாம் விடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பிலும் இன்ஜினியரிங் மாதிரித் தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதே வகுப்புகளை அரசுப் பள்ளியில் முடித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024-லிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்கான சான்று கேட்கிறார்கள். வீட்டில் படித்த பிள்ளைக்கு அந்தச் சான்றைக் கொடுக்கப் பள்ளி எது? காலைச் சிற்றுண்டி, மதிய உணவு, இலவசப் புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் இதோடு சேரும். தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் கணக்கில் இழப்பு கம்மி. அரசுப் பள்ளிக் குடும்பங்களுக்கு இது பெரிய தொகை. என்னைக் கேட்டால், அரசுப் பள்ளியில் இருக்கிற பிள்ளையை ஐந்தாவது வரை வேண்டுமானால் வீட்டில் வைத்துக்கொண்டு ஆறாவதில் திரும்பச் சேர்க்கிற யோசனையை ஒதுக்காதீர்கள்.

அப்புறம்: வீட்டைக் கணக்கெடுங்கள்

ஒரு வாரம், எந்தப் பாடமும் நடத்தாமல், வீட்டில் எந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள், எந்த மூலை காலியாக இருக்கிறது, எப்போது அமைதி, எப்போது இரைச்சல் என்று மட்டும் குறித்து வையுங்கள். தண்ணீர் லாரி வருகிற நேரம், கரண்ட் போகிற நேரம், மேல்வீட்டில் மிக்சி ஓடுகிற நேரம்கூட. கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும், ஆனால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருந்தால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சத்தமாக வாசிக்கச் சொல்லி ஒரு பாடமும் நடத்த முடியாது என்பது இந்தக் குறிப்பைப் பார்த்தால்தான் உறைக்கும்.

எழுதி முடித்ததும் மூன்றைப் பாருங்கள். பிள்ளையோடு தொடர்ந்து உட்கார முடிகிற நேரம் எவ்வளவு? சின்னப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரமே தாராளம், பள்ளியில் ஆறு மணி நேரம் என்பதால் வீட்டிலும் ஆறு மணி நேரம் தேவை என்று இல்லை. அடுத்து, உட்காரப் போகிறவருக்கு எந்த மொழி சரளம்? தமிழில் நன்றாகப் பேசத் தெரிந்த அம்மா, ஆங்கிலப் பாடத்திட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அகராதி பார்த்து நடத்தினால் இரண்டு பேருக்கும் அலுப்புதான். மூன்றாவதாக, அவருடைய சுபாவம். மேஜை கலைந்தால் கோபம் வருகிற ஆளா, நேரம் தவறினால் பதறுகிற ஆளா, திட்டம் போட்டால் மூச்சு முட்டுகிற ஆளா? முறை என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த ஆள் தினமும் எப்படி நடந்துகொள்ளப் போகிறார் என்பதுதானே.

இப்போது முறைகள்

புத்தக முறை. சமச்சீர்ப் பாடநூல்களை வைத்துக்கொண்டு பள்ளி மாதிரியே நடத்துவது. வீட்டுக்கல்வி வட்டாரத்தில் இதைக் கொஞ்சம் மட்டமாகப் பார்ப்பார்கள், பள்ளியையே வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பதற்கு எதற்கு வீட்டுக்கல்வி என்று. ஆனால் நேரம் குறைந்த, பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருக்கிற, என்ன சொல்லிக்கொடுப்பது என்று பயந்துகொண்டிருக்கிற குடும்பத்துக்கு இதைவிடப் பத்திரமான தொடக்கம் இல்லை. புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அவற்றில் வருகிற க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் வீடியோவும் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுத வைக்காதீர்கள். நாற்பது பேர் வகுப்பில் யாருக்குப் புரிந்தது என்று பார்க்க டீச்சருக்கு அது தேவை; உங்கள் எதிரில் ஒரே பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறது, வாயால் கேட்டாலே தெரிந்துவிடும்.

மாண்டிசோரி. இத்தாலி டாக்டரான மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில்தான் முதல் பள்ளியைத் தொடங்கினார் என்பதை, இன்று அந்தப் பெயரில் லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிற இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தவர் உலகப்போர் காரணமாக நாடு திரும்ப முடியாமல் இங்கேயே சில ஆண்டுகள் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சாமான்களைப் பிள்ளை தானே எடுத்து, தன் வேகத்தில் செய்து, தானே திருப்பி வைக்கும். பெரியவர் பார்த்துக்கொண்டிருப்பார், அதுதான் இதன் சாரம். இதற்கு இரண்டு வேண்டும்: பிள்ளையின் கைக்கு எட்டுகிற ஒரு தாழ்வான அலமாரி, குறுக்கே பேசாமல் பொறுமையாக உட்காருகிற ஒரு ஆள். விலையுயர்ந்த மெட்டீரியல் செட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டலாம், பாரிமுனைக் கடைகளில் மணி வாங்கிப் பத்துப் பத்தாகக் கோத்துக்கொள்ளலாம், அரிசி அளப்பது, பருப்பு பிரிப்பது, டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நம் வீட்டிலேயே கிடக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் முறை இது. ஆனால் வீட்டில் தவழுகிற கைக்குழந்தை ஒன்றும் இருந்தால் மணியையும் பருப்பையும் கீழே வைக்கவே முடியாது, அப்போது தள்ளிப்போடுங்கள்.

நம் கார்ப்பரேஷன் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். அட்டைகளைப் பார்த்து, பிள்ளை தன் படியில் தானே ஏறிப் போகிற ஏற்பாடு. உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கார்ப்பரேஷன் பள்ளி டீச்சர் யாராவது இருந்தால், போய்ப் பேசுங்கள். ஒரு டீ நேரத்தில் அவர் சொல்லிக்கொடுப்பது, பணம் கட்டிச் சேருகிற பல ஆன்லைன் பயிற்சிகளில் கிடைக்காது.

சார்லட் மேசன். இங்கிலாந்தில் இருந்த அம்மையார், 1923-இல் காலமானார். சின்னச் சின்னப் பாடம், பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் போகாது. நல்ல எழுத்தில் இருக்கிற புத்தகத்தை வாசித்துக் காட்டுவது. கேட்டதைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. வெளியே போய்ச் செடி, பறவை பார்த்து வரைவது. இடம் வேண்டாம், சாமான் வேண்டாம். சத்தமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் போதும், திருப்பிச் சொல்வதைக் கேட்கப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் போதும், சொல்லப்போனால் பாட்டிதான் நன்றாகக் கேள்வி கேட்பார். தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே அம்மா கேட்கலாம். ஒற்றை அறை வீட்டுக்கு இவ்வளவு ஒத்துவருகிற முறையை ஏன் நம் பக்கம் யாரும் அதிகம் பேசுவதில்லை என்று தெரியவில்லை. தமிழில் பிள்ளைகளுக்கான நல்ல புத்தகம் போதாது என்ற குறை உண்மைதான். தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளைத் தேடுங்கள், ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக வாசிக்கலாம், உங்கள் வட்டாரக் கிளை நூலகத்தில் பிள்ளை பெயரில் உறுப்பினராகுங்கள். வெளியே போக என்ன இருக்கிறது, இங்கே எல்லாம் புகையும் லாரியும்தானே என்பார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்திச் செடியும் கொக்கும் நண்டும் இருக்கின்றன. அது கெட்டுப்போன கதையும் அங்கேயே இருக்கிறது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்ததைப் பற்றி அங்கே வலை போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வால்டார்ஃப். ருடால்ஃப் ஸ்டைனர் 1919-இல் ஜெர்மனியில் தொடங்கியது. ஏழு வயது வரை எழுத்து வாசிப்பில் அவசரம் காட்டாது. கதை, பாட்டு, கைவேலை, வண்ணம். அழகான முறை, ஆனால் ஸ்கிரீன் கூடாது என்பார்கள். நாள் முழுக்க டிவி ஓடுகிற கூட்டுக் குடும்பத்தில் இதைப் பிடிவாதமாக நடத்தினால் சண்டைதான் மிச்சம். எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

அன்ஸ்கூலிங். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் பரப்பியது. பாடத்திட்டமே கிடையாது, பிள்ளை எதைக் கேட்கிறதோ அதன் பின்னால் பெற்றோர் போவது. சோம்பேறிகளின் முறை என்று நினைத்துவிடாதீர்கள், எல்லா முறைகளிலும் பெற்றோருக்கு அதிக வேலை வைப்பது இதுதான். பிள்ளை கப்பல் எப்படி மிதக்கிறது என்று கேட்டால் அன்றைக்கே ஆளைத் தேடி, புத்தகம் தேடி, பக்கெட்டில் தண்ணீர் எடுத்து உட்கார வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அன்ஸ்கூலிங் என்பது நடைமுறையில் மொபைலாக முடிவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

திட்டப்பணி முறை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதிலிருந்தே எல்லாப் பாடத்தையும் இழுப்பது. வடசென்னையில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடுவது வீண். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஏன்? மீன் இனப்பெருக்கம், அறிவியல். தடைக்காலத்தில் வஞ்சிரம் விலை எங்கே போகிறது, கூறு கட்டி விற்கிற சங்கராவைக் கிலோ கணக்கில் மாற்றினால் எவ்வளவு, இது கணக்கு. தடைக்கால நிவாரணம் யார் கொடுக்கிறார்கள், இது குடிமையியல். ஏலத்தில் கேட்ட சொற்களை எழுதிவந்தால் மொழிப்பாடம். இல்லையென்றால் ரயிலை எடுங்கள்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது, அந்த ஸ்டேஷன் இன்றும் நிற்கிறது, ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை 1955-லிருந்து ஓடுகிறது, பக்கத்திலேயே ரயில் அருங்காட்சியகம். எட்டு வயதுக்கு மேல் இருக்கிற, ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு இது நன்றாகப் பிடிக்கும். குறை என்னவென்றால் கணக்கில் ஓட்டை விழும், பின்னமும் வகுத்தலும் எந்தத் திட்டப்பணியிலும் வரிசையாக வந்து நிற்காது. கணக்குக்கு மட்டும் தனியாகப் பாடநூலை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு வார்த்தை. பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் இது. 1790-களில் எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதிப் பழகுவதையும் பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் நடத்திப் பார்த்து, இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் மெட்ராஸ் முறை என்றே பெயர் வாங்கிக்கொடுத்தார்.

ஒன்றை எடுத்து மூன்று மாதம் நடத்திப் பாருங்கள்

ஒரே முறையில் கடைசிவரை நிற்கிற குடும்பம் அபூர்வம். சாதாரணமாக ஓடுகிற கலவை என்னவென்றால் கணக்குக்குப் புத்தகம், மொழிக்கு வாசித்துத் திருப்பிச் சொல்வது, வாரத்தில் ஒரு நாள் வெளியே. ஆனால் முதல் நாளே கலக்காதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

பள்ளியிலிருந்து இப்போதுதான் நிறுத்திய பிள்ளை என்றால், சில வாரங்கள் எதையும் தொடங்க வேண்டாம். தூங்கும், விளையாடும், போரடிக்கிறது என்று சொல்லும். அடி, திட்டு வாங்கிவந்த பிள்ளைக்கு இது மாதக்கணக்கில்கூட நீளும். போரடிக்கிறது என்று தானாகவே எதையாவது எடுத்துச் செய்ய ஆரம்பித்தால் அப்போது தொடங்குங்கள்.

மூன்று மாதத்தில் பார்க்க வேண்டியது மார்க் இல்லை. பாட நேரம் என்றதும் பிள்ளை ஒளிகிறதா, அம்மா எத்தனை நாள் கத்தினார், திட்டமிட்ட நாட்களில் பாதியாவது நடந்ததா. பாதிகூட நடக்கவில்லை என்றால் அந்த முறை உங்கள் வீட்டுக்கு ஆகாது, பிள்ளையைத் திட்டிப் பயனில்லை, மாற்றுங்கள்.

தெருவும் ஃபைலும்

“இன்னாம்மா, புள்ள ஸ்கூலுக்குப் போலியா?” என்று பக்கத்து வீட்டக்கா கேட்பார், கடைக்காரர் கேட்பார், ஊரிலிருந்து வருகிற மாமா கேட்பார். “வீட்ல படிக்கிறான்க்கா, பரிச்சை எழுதுவான்” என்று சொல்லிவிட்டு நகருங்கள், விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அது முடியாது. சமாளிக்க வேண்டியது வேறு ஆட்களை: பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். அவர்கள் வேலை அது, முறைக்காதீர்கள். அதற்காகவே ஒரு ஃபைல் வேண்டும். வாரம் ஒரு பக்கம் என்ன படித்தது என்று தேதியோடு, பிள்ளை எழுதியது வரைந்ததில் சில, போன இடங்களின் படம். பெரிய உழைப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்.

பள்ளியில் தானாக நடந்துவிடுகிற சில காரியங்களும் இனி உங்கள் தலையில். 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிற டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி ஒன்று, அதற்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். கண் பரிசோதனையும் அப்படித்தான்.

சிநேகிதம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: நம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. வியாசர்பாடியில் ஃபுட்பால், ராயபுரம் பக்கம் பாக்ஸிங், தெருவுக்குத் தெரு கேரம். மாலை ஐந்து மணிக்குக் கீழே இறக்கிவிட்டால் போதும். பகலில்தான் தனிமை, மற்ற பிள்ளைகள் எல்லாம் பள்ளியில் இருக்கிற நேரம் அது; வீட்டில் படிக்கிற இன்னொரு குடும்பத்தோடு வாரம் ஒரு காலை சேர்ந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும், கன்னிமாரா நூலகம், எழும்பூர் அருங்காட்சியகம் என்று சேர்ந்து போகலாம்.

எல்லாம் செய்தும் ஒத்துவரவில்லை என்றால், 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் பக்கத்து அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆண்டு நடுவில் வந்தார்கள், டி.சி. இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பழைய பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) இருந்தால் அது, கூடவே அந்த ஃபைல், இவற்றை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைக் காலை பிரேயர் முடிந்ததும் போய்ப் பாருங்கள், பதினொரு மணிக்கு மேல் அவர் மீட்டிங்குக்குப் போயிருப்பார்.